பாலைவன மண்ணின் ஈரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பிள்ளைகளுக்குப் புவியியல் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். வறண்ட நிலங்கள் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகள் கேட்பது பாதி, அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மா கேட்பது மீதி. ராஜஸ்தான் சுற்றுலா போய் வந்தவர்கள், துபாயில் தம்பியோ மருமகனோ வேலை பார்ப்பவர்கள், புளோக் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் கத்திரிக்காய் வளர்ப்பவர்கள் என்று ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

பெரும்பாலும் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயர்கள் நமக்குக் காதில் விழுந்தவை, விவரமும் நிறைய கிடைக்கிறது. தேவைப்பட்ட இடத்தில் அரேபியா, ஆப்பிரிக்கா, சீனா என்று போய் வந்திருக்கிறேன்.

1. மண் ஈரம்னா என்ன டீச்சர்? நிலத்தடி நீரும் அதுவும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. மண் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அவற்றில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் இருந்தால் அது மண் ஈரம். காற்றுக்கே இடமில்லாமல் எல்லா இடைவெளியும் தண்ணீரால் நிரம்பியிருக்கும் ஆழத்தில்தான் நிலத்தடி நீர் தொடங்குகிறது. நிலத்தடி நீரைக் கிணறு வெட்டி இறைக்கலாம். மண் ஈரத்தை எந்த மோட்டாராலும் இறைக்க முடியாது; அதை வேர்தான் உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் வெயில் குடித்துவிடும்.

அதைச் சதவீதத்தில் சொல்வார்கள். 100 பங்கு மண்ணில் 8 பங்கு இடத்தைத் தண்ணீர் பிடித்திருந்தால் ஈரம் 8 சதவீதம்.

2. பாலைவனத்துல மழையே கிடையாதே, அங்கே என்ன ஈரம் இருக்கப்போகுது?

மழை உண்டு, குறைவு, அவ்வளவுதான். தாரில் உள்ள ஜெய்சல்மேர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர். நம் சிங்கப்பூரில் 2000 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே விழுவதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வந்துவிடும். மிச்ச மாதங்கள் அந்தச் சேமிப்பில் ஓட வேண்டும்.

எதிர்ப்பக்கம் வெயில் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் அளவுக்கு ஆவியாக்கும் வலு அந்த வெயிலுக்கும் காற்றுக்கும் உண்டு. அதனால் அங்கே கம்பு விதைக்கிறவர் கவலைப்படுவது எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைப் பற்றி மட்டுமல்ல. பெய்தது வேர் எட்டும் ஆழத்தில் எத்தனை நாள் தங்கும் என்பதில்தான் அவர் பிழைப்பு இருக்கிறது.

3. ஜனவரியில ஜெய்சல்மேர் டூர் போனோம். மணல்மேட்டுல பையன் கையால ஒரு முழம் தோண்டினான், கீழே ஜில்லுனு ஈரம்! மழை பெஞ்சு மாசக்கணக்காச்சே, எப்படி?

பையனுக்கு ஒரு சபாஷ். பாலைவன மண்ணைப் பற்றிய பெரிய விஷயம் அவன் கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

மழை நின்றதும் மேல் மணல் சில நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு அதுவே மூடியாகிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது மணல் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். அதன் வழியாகத்தான் அடியிலிருந்து தண்ணீர் மேலே ஏறி ஆவியாகும். மேல்மணல் காய்ந்தால் அந்தப் படலம் அறுந்துபோகிறது. அப்புறம் அடியில் உள்ள நீர் ஆவியாக மாறி, காய்ந்த மணலின் இடுக்குகளில் மெல்ல மெல்ல நுழைந்துதான் வெளியேற வேண்டும். அது மகா மந்தமான வழி. செப்டம்பரில் இறங்கிய மழை ஜனவரியிலும் ஒரு முழம் ஆழத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

4. களிமண்ணுதானே தண்ணியப் பிடிச்சு வைக்கும்? மணல்ல ஊத்துனா வடிஞ்சு போயிடுமே?

சமூகத் தோட்டத்தில் இது சரி. நன்றாக நனைந்து வடிந்தபின் மணல் தன்னில் பிடித்து வைப்பது சுமார் 10 சதவீதம். களிமண் 35 முதல் 40 சதவீதம் வரை பிடிக்கும். ஆனால் செடி வாடத் தொடங்கும் நிலையில் மணலில் மிச்சமிருப்பது 3, 4 சதவீதம். களிமண்ணிலோ 20 சதவீதத்துக்கு மேல் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

பாலைவனத்தில் கணக்கு தலைகீழாகிறது. 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வையுங்கள். காய்ந்த மணலில் அது ஏறக்குறைய 25 செ.மீ. ஆழம் இறங்கிவிடும். களிமண்ணில் 10 செ.மீ. தாண்டாது, வெயில் எட்டும் இடத்திலேயே நின்று ஆவியாகிவிடும். மணலில் இறங்கியது முந்தைய பதிலில் சொன்ன மூடிக்குக் கீழே பத்திரமாகிவிடுகிறது. இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நோய்-மெயர் 1973இல் இதை விளக்கி எழுதினார். மழை மிகுந்த ஊரில் களிமண் நல்லது, மழை மிகக் குறைந்த ஊரில் மணல் நல்லது. தோட்டக்கார நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

5. ஈரத்தை எப்படி அளக்குறாங்க? கையால தொட்டுப் பார்த்தா?

அனுபவசாலி விவசாயி கையாலேயே சொல்லிவிடுவார். ஆய்வுக்கூடத்தில் மண்ணை எடுத்து எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு நாள் வைத்து, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடை தண்ணீர். மற்ற எல்லாக் கருவிகளையும் இந்தப் பழைய முறையை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

ஆனால் தோண்டி எடுத்த மண்ணைத் திரும்ப வைத்து அடுத்த மாதம் அதையே அளக்க முடியாது. அதனால் மண்ணில் புதைத்துவைக்கும் மின்முனைகள் வந்தன. தண்ணீருக்கும் காய்ந்த மண்ணுக்கும் மின்பண்பு வேறு என்பதை வைத்து ஈரத்தைக் கணக்கிடுவார்கள். பாலைவனத்தில் இவற்றுக்குப் பிரச்சினை உப்பு. உப்பு மண்ணில் கருவி இல்லாத ஈரத்தைக் காட்டும்.

6. சாட்டிலைட் மேலே இருந்து மண்ணுக்குள்ள எட்டிப் பார்க்குமா?

எட்டிப் பார்க்கும், ஆனால் விரல் நீளத்துக்குத்தான். எல்லாப் பொருளும் இயல்பாகவே மெல்லிய நுண்ணலைகளை வெளியிடுகிறது. ஈர மண் வெளியிடுவது குறைவு, காய்ந்த மண் வெளியிடுவது அதிகம். ஐரோப்பாவின் ஸ்மோஸ் செயற்கைக்கோள் 2009இலிருந்தும் நாசாவின் ஸ்மாப் செயற்கைக்கோள் 2015இலிருந்தும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஸ்மாப்பில் இருந்த ரேடார் சில மாதங்களிலேயே செயலிழந்துவிட்டது. கேட்கும் கருவி மட்டும் தொடர்ந்து வேலை செய்தது. இவை காட்டுவது மேல் 5 செ.மீ. ஈரத்தை. அதற்குக் கீழே கணினி மாதிரிகள் வைத்து ஊகிக்கிறார்கள்.

இவை தரும் படத்தில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம். சாங்கியிலிருந்து ஜூரோங் வரைக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரே ஒரு எண் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இன்னொரு சிக்கல், ஸ்மாப் அளவீட்டில் 4 சதவீதப் புள்ளி வரை பிழை இருக்கலாம் என்று வடிவமைக்கும்போதே ஏற்றுக்கொண்டார்கள். களிமண் வயலுக்கு அது பெரிதில்லை. 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் நடுவிலேயே வாழ்க்கை நடக்கும் பாலை மணலுக்கு அது ரொம்பப் பெரிது. எனவே ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். பல ஆண்டுகள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

7. எத்தனை வருஷத்துக்குக் கணக்கு இருக்கு?

பல செயற்கைக்கோள்களின் அளவுகளை ஒட்டித் தைத்து 1978 வரை பின்னால் போகும் ஒரு தொடரை ஐரோப்பிய விண்வெளி அமைப்பு வைத்திருக்கிறது. வானிலைப் பதிவுகளைக் கணினி மாதிரியில் ஓட்டி 1950 வரை போகும் தொடரும் உண்டு. ஒட்டுத் தையலில் தையல் போட்ட இடம்தான் கவனிக்க வேண்டியது. பழைய கருவி போய்ப் புதிய கருவி வந்த ஆண்டில் ஈரம் திடீரென்று ஏறினால், மாறியது மண்ணா கருவியா என்று முதலில் கேட்க வேண்டும்.

எத்தனை ஆண்டு இருந்தால் போதும்? பருவநிலைக் கணக்குக்கு உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகளை அளவுகோலாக வைத்திருக்கிறது. தாரில் ஓர் ஆண்டு சராசரியில் பாதி பெய்து அடுத்த ஆண்டு இரட்டிப்பாகப் பெய்வதுண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஐந்தாறு ஆண்டை வைத்துப் போக்கு சொல்பவரை நான் நம்புவதில்லை.

8. சுத்தி வளைக்காம சொல்லுங்க. தார் ஈரமாகுதா, காயுதா?

எந்த ஆழத்தில், எந்த இடத்தில் என்று சொன்னால் பதில் சொல்லலாம். மூன்று பதில் இருக்கிறது.

மேல் மண்ணும் வேர் மண்டலமும்: கடந்த இருபது ஆண்டுகளில் வடமேற்கு இந்தியாவில் பருவமழை கூடியிருக்கிறது. மழைக்கால மண் ஈரமும் அதோடு கூடியிருக்கிறது. பச்சை பரவுவது விண்ணிலிருந்தே தெரிகிறது. நிலத்தடி நீர்: இறங்குகிறது. நிலத்தடியில் நீர் கூடிக் குறைந்தால் அந்த இடத்தின் ஈர்ப்பு விசையும் இம்மி மாறும். அதை அளக்க 2002இல் கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் போயின. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் சேர்ந்த பகுதியில் 2002 முதல் 2008 வரைக்குள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக அவை காட்டின. அதில் பெரும்பங்கு பாலைவனத்துக்கு வெளியே உள்ள கோதுமை, நெல் வயல்களுக்குப் போனது. ஆனால் பாலைவனத்து ஆழ்குழாய்க் கிணறுகளும் அதே திசையில்தான் போகின்றன. மூன்றாவது, கால்வாய்ப் பாசனப் பகுதி: அங்கே நீர் வேண்டாத அளவுக்கு ஏறிவிட்டது. அதைப் பத்தாம் கேள்வியில் பாருங்கள்.

மேல் மண்ணின் ஈரம் பர்ஸில் இருக்கும் காசு, நிலத்தடி நீர் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் மத்திய சேம நிதி. பர்ஸ் தடித்திருப்பதை மட்டும் பார்த்து ஆள் வசதி என்று சொல்லிவிட முடியாது. “பாலைவனம் ஈரமாகிறது” என்ற செய்தியும் “பாலைவனம் வறள்கிறது” என்ற செய்தியும் ஒரே வாரத்தில் வந்தால், இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

9. பச்சையா மாறுதுன்னா ஈரம் கூடுதுன்னுதானே அர்த்தம்?

மழை கூடியது ஒரு காரணம். ஆனால் பச்சையில் ஒரு பகுதி ஆழ்குழாய் நீரிலும் கால்வாய் நீரிலும் விளைவது. அதாவது மேலே பச்சை ஏற ஏறக் கீழே நீர் இறங்கும் இடங்களும் உண்டு. இன்னொரு பகுதி நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த சீமைக் கருவேலம். ராமநாதபுரம் பக்கத்து உறவுக்காரர்களைக் கேட்டால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்கள். தாரில் அதை ஆசையாக வளர்த்தார்கள்; ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் அதற்கு ராஜ மரியாதையே கொடுத்து வெட்டக்கூடாது என்று பாதுகாத்தது.

அப்புறம் கரியமில வாயு. காற்றில் அது கூடினால் இலைத் துளைகள் அதிகம் திறக்க வேண்டியதில்லை; அதே ஈரத்தில் செடி கொஞ்சம் கூடுதலாக வளரும். வறண்ட நிலங்களில் இதன் பங்கு குறிப்பிடத்தக்கது. ஆகவே பச்சை என்பது ஈரத்தின் அளவுகோல் அல்ல. ஈரம் செலவான விதத்தின் அடையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. இந்திரா காந்தி கால்வாய் வந்து பாலைவனமே சோலையாச்சுன்னு பாடப் புஸ்தகத்துல படிச்சோமே?

பாதி சரி. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேரும் ஹரிகே அணையிலிருந்து கிளம்பும் இந்தக் கால்வாயின் வேலை 1958இல் தொடங்கியது. ஊட்டுக் கால்வாயும் சேர்த்து 600 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கம்பும் பாசிப்பயறும் மட்டும் கண்ட மண்ணில் கோதுமையும் பருத்தியும் வந்தன. குடிநீர் வந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

மறுபாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே ஜிப்சமும் களியும் கலந்த இறுகிய அடுக்கு ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி இறங்காது. மானாவாரியாகக் கிடந்த காலத்தில் அதுவரைக்கும் போகும் அளவுக்குத் தண்ணீரே இல்லை. கால்வாய் வந்ததும் தாராளமாகப் பாய்ச்சினார்கள், வாய்க்காலிலும் கசிந்தது. தண்ணீர் அந்த அடுக்கின்மேல் தேங்கி, ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறி, கடைசியில் வேரை எட்டியது. ஹனுமான்கட், கங்காநகர் பக்கம் வயல்களே குட்டையாக நின்றன. அந்த ஊர்க்காரர்கள் இதை ‘சேம்’ என்பார்கள்.

தேங்கியது மேலே வந்து ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போகும், உப்பு அங்கேயே நிற்கும். வெள்ளைப் படிவு பூத்த மண்ணில் ஈரம் நிறைய இருந்தும் செடி வாடும். உப்பு நீரை வேரால் இழுக்க முடியாது. சில இடங்களில் தண்ணீரை உறிஞ்சட்டும் என்றே யூகலிப்டஸ் நட்டார்கள், நீர்மட்டம் இறங்கவும் செய்தது. ஊரெல்லாம் திட்டு வாங்கும் மரத்துக்கு அங்கே மட்டும் நல்ல பெயர்.

11. அதே மாதிரி அடுக்கு இருந்தா எப்பவும் கெடுதல்தானா?

இல்லை. பார்மர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஆகஸ்டில் அங்கே பேய்மழை கொட்டியது. கவாஸ் என்ற கிராமம் மூழ்கியது. பாலைவனம்தானே, மணல் குடித்துவிடும் என்று நினைத்தால், தண்ணீர் மாதக்கணக்கில் அப்படியே நின்றது. அடியில் இறுகிய ஜிப்சம் அடுக்கு.

அதே அடுக்கை வைத்துத்தான் பல தலைமுறையாக அந்தப் பகுதி மக்கள் தண்ணீர் குடித்தார்கள். அங்கே தண்ணீரை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். மழையாக விழுந்து ஓடித் தேங்குவது பாலர் பானி. மணலில் இறங்கி ஜிப்சம் அடுக்கின்மேல் ஈரமாகத் தங்குவது ரெஜானி பானி. கிணற்றாழத்தில் இருப்பது பாதாள் பானி. அது பெரும்பாலும் உப்பு. இந்த நடு வகைக்காகவே ஓர் ஆள் குந்தி உட்கார மட்டும் இடமுள்ள குறுகிய கிணறு தோண்டுவார்கள். சுற்றிலும் உள்ள மணலிலிருந்து ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து இரவில் சேரும், காலையில் சில குடம் எடுக்கலாம். முதல் பதிலில் மண் ஈரத்தை மோட்டாரால் இறைக்க முடியாது என்று சொன்னேன். பொறுமையாகக் காத்திருந்து அதையும் குடித்த மக்கள் இவர்கள்.

12. மழைத் தண்ணிய மண்ணுலயே சேர்த்து வைக்க அந்தக் காலத்துல வேற வழி இருந்துச்சா?

ஜெய்சல்மேர் பக்கம் ‘காதின்’ என்று ஒரு முறை. பாலிவால் பிராமணர்கள் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தார்கள். பாறை மேட்டில் விழும் மழை வழிந்து வந்து சேரும் தாழ்வான நிலத்தில், சரிவின் கீழ்ப்பக்கம் மண்கரை கட்டுவார்கள். மழைக்காலத்தில் அது ஏரி போல நிற்கும். ஆனால் அந்தத் தண்ணீரை மதகு வழியே வயலுக்குப் பாய்ச்சுவதில்லை. தண்ணீர் நிற்கும் இடமே வயல். அக்டோபர், நவம்பரில் நீர் இறங்கியதும் அந்த ஈரத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அறுவடை வரை ஒரு சொட்டு பாய்ச்ச வேண்டியதில்லை. 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில் கோதுமை! வண்டல் ஆண்டுதோறும் சேர்வதால் உரமும் அதுவே.

13. துபாய்ல அவ்வளவு வெள்ளம் வந்துச்சே, அங்கேயும் மண்ணு ஈரமாயிடுச்சா?

2024 ஏப்ரல் 16இல் அல் ஐன் அருகே ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் எங்கும் அப்படிப் பெய்ததில்லை. உங்கள் மருமகன் அனுப்பிய காணொளியில் கார் மிதந்தது சாலையில். சாலை தண்ணீர் குடிக்காது. மணற்பகுதியில் இறங்கியது சில மாதங்கள் ஈரமாக இருந்து, காட்டுச் செடிகளை முளைக்க வைத்து, பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும். ஒரு மழை நீண்டகால மாற்றம் ஆகாது. செயற்கை மழைதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை விடுங்கள். மேகத்தில் உப்பைத் தூவி அந்த அளவுப் புயல்மழையை உருவாக்க முடியாது.

14. பாலைவனம் ஈரமானா நல்லதுதானே, அதுல என்ன கெட்டது?

வெட்டுக்கிளியைக் கேட்க வேண்டும். பாலைவன வெட்டுக்கிளி முட்டையிட ஈரமான மணல் வேண்டும், மேலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. ஆழத்துக்கு. 2018 மே மாதம் மெக்குனு புயலும் அக்டோபரில் லுபான் புயலும் அரேபியாவின் ஆளில்லாப் பெருமணலில் மழை கொட்டின. யாரும் பார்க்காத இடத்தில் மணல் மாதக்கணக்கில் ஈரமாக இருந்தது. அங்கே வெட்டுக்கிளி தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. 2019, 2020இல் கூட்டம் கூட்டமாகக் கிழக்கு ஆப்பிரிக்காவையும் ராஜஸ்தானையும் மேய்ந்தது. 2020இல் ஜெய்ப்பூர் நகருக்குள்ளேயே வந்தது. அதனால் ஐநா உணவு வேளாண் அமைப்பு இப்போது செயற்கைக்கோள் காட்டும் மண் ஈரத்தையும் பார்த்து முன்னெச்சரிக்கை செய்கிறது. மேல் 5 செ.மீ. மட்டும்தான் தெரியும் என்று குறைபட்டோமே, இந்த வேலைக்கு அது போதும்.

15. நிறைய மரம் நட்டா மண்ணு ஈரமாயிடும்ல?

பள்ளிக் கட்டுரைகளில் அதிகம் வரும் வரி இது. நிழல் மேல்மண்ணைக் காக்கும், இலைச் சருகு மழையை உள்ளே விடும், உண்மை. ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். சீனாவின் லோயஸ் பீடபூமியில் 1999க்குப் பிறகு சரிவு வயல்களைக் காடாக்கும் பெரிய திட்டம் நடந்தது. மண்ணரிப்பு வெகுவாகக் குறைந்தது, மலைகள் பச்சையாயின. கூடவே பல மீட்டர் ஆழத்து மண் காய்ந்தது. மழை தரக்கூடியதைவிட மரங்கள் அதிகம் குடித்தன. சில இடங்களில் மரம் உயரமே வளராமல் நின்றுவிட்டது.

ராஜஸ்தான் மக்கள் வயலில் விட்டுவைப்பது வன்னி மரத்தை. ஆணிவேர் வெகு ஆழம் போவதால் கம்புப் பயிரோடு மேல் ஈரத்துக்குப் போட்டி போடாது. ஏக்கருக்கு எத்தனை மரம் என்பதும் என்ன மரம் என்பதும் தெரியாமல் “மரம் நடுவோம்” என்பது பாலைவனத்தில் அரைகுறைப் பேச்சு.

16. ஆப்பிரிக்காவுல மழை குறைஞ்சப்போ நிலத்தடி நீர் ஏறிச்சாமே? பையன் எங்கேயோ படிச்சிட்டு வந்து உளறுறான்.

உளறவில்லை. சஹாராவுக்குத் தெற்கே சஹேல் வட்டாரத்தில் 1970களிலும் 80களிலும் கொடும் பஞ்சம். அப்போதும் நைஜர் நாட்டின் தென்மேற்கில், நியாமே நகரைச் சுற்றி, கிணறுகளில் நீர்மட்டம் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்தது.

புதரை வெட்டிக் கம்பு விதைத்தார்கள். மறைப்பில்லாத மண்ணில் மழைத்துளி அடித்து அடித்து மேலே கெட்டியான ஓடு கட்டியது. தண்ணீர் விழுந்த இடத்தில் இறங்காமல் வழிந்தோடிக் குட்டைகளில் சேர்ந்தது. குட்டையின் அடியிலிருந்து நேராக ஆழத்துக்குப் போனது. கிணறு நிறைந்தது, பயிரின் வேர் காய்ந்தது. எட்டாம் பதிலில் தாருக்குச் சொன்னதன் நேர் எதிர் இது: அங்கே மேலே கூடிக் கீழே குறைகிறது, இங்கே மேலே குறைந்து கீழே கூடியது.

மண்மேல் கட்டிய அந்தக் கெட்டி ஓட்டினை உடைக்கத்தான் புர்கினா ஃபாசோவின் யாகூபா சவடோகோ போன்றவர்கள் ‘ஸாய்’ என்னும் பழைய குழி முறையை மேம்படுத்தினார்கள். கோடையிலேயே கெட்டி நிலத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழிகள் வெட்டி எருவைப் போட்டு வைப்பார்கள். எருவுக்குக் கறையான் வந்து மண்ணைத் துளைக்கும். முதல் மழை அந்தத் துளைகளில் இறங்கும். எங்களூரில் மருந்தடித்து ஒழிக்கிற கறையானுக்கு அங்கே விவசாயி விருந்து வைக்கிறார்.

17. உலகம் சூடாகிட்டே போனா கடைசியில என்னதான் ஆகும்?

இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை வந்தால் கனமாக வரும். அதே வெப்பம் மண்ணிலிருந்து கூடுதலாக உறிஞ்சவும் செய்யும். 2016 மே 19இல் தாரில் உள்ள பலோடியில் 51 டிகிரி பதிவானது.

எது ஜெயிக்கும் என்பதை மண் தீர்மானிக்கும் என்பது என் எண்ணம். நாலாம் பதிலை இங்கே பொருத்திப் பாருங்கள். பத்துத் தூறலுக்குப் பதில் ஒரே கனமழை என்றால், மணலில் அது வெயில் எட்டாத ஆழத்துக்கு இறங்கும், லாபம். ஓடு கட்டிய மண்ணில் அப்படியே வழிந்து ஓடும், நட்டம். மழை ஒன்று, அடுத்தடுத்த இரண்டு நிலத்தில் விளைவு இரண்டு.

18. தார் எப்பவுமே பாலைவனமா இருந்துச்சா?

இல்லை. பிகானேர் பக்கம் லூன்கரன்சரில் இப்போது உப்புத் தரையாகக் கிடக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. அதன் அடிவண்டலைத் துளைத்துப் பார்த்ததில், சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பே அது வற்றிவிட்டது தெரிந்தது. கரியமில வாயுவுக்கு அதில் பங்கில்லை. பூமியின் சுற்றுப்பாதை மெல்ல மாறி, பருவமழை வலுவிழந்தது. முன்பும் மாறியது என்பதால் இப்போது மாறுவதும் இயற்கைதான் என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். அன்று நூற்றாண்டுகள் எடுத்த மாற்றத்தோடு, ஒரு மனித ஆயுளுக்குள் நடப்பதை ஒன்றாக வைக்க முடியாது.

19. இங்கே சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு நமக்கு இதெல்லாம் எதுக்கு டீச்சர்?

தேர்வில் வரும், அது ஒன்று. 2014 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? சாங்கியில் மாதம் முழுக்க 0.2 மில்லிமீட்டர் மழை. வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளுக்கு நடுவே புல் எல்லாம் பழுப்பு. புகைமூட்டமும் மண் ஈரம்தான். சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால், ஊறியிருந்த மண் காய்ந்து மண்ணே எரிகிறது. 2013 ஜூனில் நம் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டது அதனால்தான். எரிவது மண்ணுக்குள் என்பதால் மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

20. பள்ளிக்கூட புராஜெக்டுக்கு வீட்டுலயே மண் ஈரம் அளக்க முடியுமா?

முடியும். சமையல் தராசு, அடுப்புக்குள் வைக்கும் தட்டு, ஒரு மின்னடுப்பு போதும். கல், வேர் பொறுக்கிய மண்ணை எடுத்த கையோடு எடை போடுங்கள். தாமதித்தால் ஈரம் போய்விடும். 105 டிகிரியை ஒட்டி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றதும் முடிந்தது. ஈர மண் 118 கிராம், காய்ந்தபின் 100 கிராம் என்றால், 18 கிராம் தண்ணீர். எடைக் கணக்கில் 18 சதவீதம். முதல் பதிலில் சொன்னது கனஅளவுக் கணக்கு, இது எடைக் கணக்கு. இரண்டையும் கலந்து எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார்.

கடையில் வாங்கும் தொட்டி மண்ணை எடுக்க வேண்டாம். அதில் பாதிக்கு மேல் தேங்காய்நாரும் மட்கும்தான். காய்ந்தால் இலவம்பஞ்சு எடைதான் நிற்கும், கணக்குப் போட்டால் ஈரம் 200 சதவீதம் என்றுகூட வரும். அது தவறில்லை, ஆனால் அதை விளக்கத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். புளோக் கீழே உள்ள தோட்டத்தில், பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, ஒரு கரண்டி மேல்மண்ணும் அதே இடத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கரண்டியும் எடுங்கள். மழை பெய்து மூன்று நாள் கழித்து எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.